மெரினாவில் ஓடிவிட்டு ஒன்பதரைக்கு வேலைக்குப் போவது

கேள்வி இது: மயிலாப்பூரில் வீடு, தரமணியில் ஐ.டி. வேலை, ஒன்பதரைக்கு சீட்டில் இருக்க வேண்டும். காலையில் மெரினாவில் ஐந்து கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தால் ஓடும்போது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குளித்துவிட்டுக் கிளம்பும்போதே சட்டை நனைந்துவிடுகிறது, மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது, மூன்றாவது வாரத்தில் ஓட்டம் நின்றுபோகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழி உண்டா, இல்லை ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒதுக்கிவிடலாமா?

வழி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒதுக்க வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தில் மனதை மாற்றிக்கொள்ள வேண்டும். வேலைநாளில் எவ்வளவு தூரம் ஓடுவது, எவ்வளவு வேகமாக ஓடுவது என்பதைக் காலையில் இருக்கிற உற்சாகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், மதியம் மூன்று மணிக்கு உங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். நான் பல வருடங்களாக இதே கரையில் ஓடிவிட்டு இதே பறக்கும் ரயிலைப் பிடிக்கிறவன். கூட ஓட வந்து நின்றுபோனவர்களில் காலில் அடிபட்டு நின்றவர்கள் குறைவு. ஆபீசில் தூங்கி வழிந்து, வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்து, இது நமக்குச் சரிவராது என்று விட்டவர்கள்தான் அதிகம். அவர்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தால் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் இடம். கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரை ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோமீட்டர், போய்த் திரும்பினால் ஐந்தரை பக்கம் வரும். வேலைநாளுக்கு அது தாராளம். இந்த நடைபாதையை 1884-இல் அன்றைய கவர்னர் கிராண்ட் டஃப் போட்டபோது கடல் இவ்வளவு தூரத்தில் இல்லை. வடக்கே துறைமுகம் கட்டியபிறகு, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணல் துறைமுகச் சுவரில் தடுக்கப்பட்டு இந்தப் பக்கம் சேர்ந்துகொண்டே வந்தது. அந்த மணல் கிடைக்காமல் ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்துப்போய், இப்போது கருங்கல் கொட்டித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மெரினாவில் ஓடுகிறோம் என்றால் தண்ணீர் ஓரம் ஓடுவதாகப் பலர் நினைத்து வருகிறார்கள். நடைபாதைக்கும் அலைக்கும் நடுவே சில நூறு மீட்டர் பொலபொல மணல் இருக்கிறது. அலையின் சத்தம் கேட்கும், குளிர்ச்சி அவ்வளவாக வந்து சேராது.

சரி, மணலில் இறங்கி ஓடலாமே என்றால், வேலைநாளில் வேண்டாம். 1998-இல் பெல்ஜியத்தில் செய்த ஒரு ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும்: கெட்டித் தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகிறது, நடப்பதற்கோ இரண்டு மடங்குக்கும் மேல். மூன்று கிலோமீட்டர் மணல் ஓட்டம் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் வேலையை வாங்கிவிடும், கெண்டைக்கால் அதை மறுநாளும் ஞாபகம் வைத்திருக்கும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் கெட்டியாக இருக்கிறதே என்பார்கள், இருக்கிறதுதான், ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே சரிவில் ரொம்ப தூரம் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலும் இன்னொன்று மேட்டிலும் விழும், முட்டியும் இடுப்பும் இழுத்துப் பிடிக்கும். மணல் ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், வெறுங்காலோடு ஓடுவதானால் கண்ணாடித் துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கும், பார்த்து ஓடுங்கள்.

வேலைநாளுக்கு நடைபாதைதான். மழை பெய்திருந்தால் அந்தக் கல் வழுக்கும், அன்றைக்கு ஓரமாக உள்சாலையில் ஓடுங்கள். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருக்கிற இடங்களில் நடந்து கடந்துவிடுங்கள், அந்த முப்பது வினாடியில் எதுவும் குறைந்துவிடாது. ராணி மேரிக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், மாநிலக் கல்லூரி என்று எதிர்ப்பக்கக் கட்டடங்களையே தூர அளவாக வைத்துக்கொள்ளலாம், கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு ஓட வேண்டாம்.

தெற்கே திரும்பினால் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கம் போகிற லூப் ரோடு. எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும். அங்கே கடல் பக்கத்திலேயே இருக்கிறது. விடிகிற நேரத்துக்கு ஃபைபர் படகுகள் கரையேறிக்கொண்டிருக்கும், வலையைப் பிரித்துப் போட்டு நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்: கொடுக்கை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நரம்பு வலையில் சிக்கிய காலை மறு கையால் ஒவ்வொன்றாக, ஒடியாமல், உருவி எடுக்க வேண்டும், ஒடிந்தால் விலை போகாது. அவர்களுக்கு அது பாதி வேலைநாள் முடிந்த நேரம். ஆகவே அங்கே ஓடுகிறவர்கள் வலையைத் தாண்டக் கூடாது, படகு தள்ளும்போது குறுக்கே போகக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. அது அவர்களுடைய ஆபீஸ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்றாலும் அது விசைப்படகுகளுக்குத்தான், இந்தச் சின்னப் படகுகள் அப்போதும் போய்வரும். ஆறரை மணிக்கு மேல் மீன் வாங்க வருகிற வண்டிகள் நெருக்கும், அதற்குள் திரும்பிவிடுவது நல்லது.

ஓடி முடித்த சூட்டில் கடலில் ஒரு முழுக்குப் போடலாம் என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம். இந்தக் கரையில் அலை உடைகிற இடத்துக்கு அப்பால் தரை சட்டென்று இறங்கும், திரும்பிப் போகிற நீரோட்டம் நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்திருக்கிறது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கிற ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930-இல் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப்போய் உயிரை விட்ட ஒருவருக்காகக் கட்டியது. அதற்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு வருடமும் ஓடி முடித்தவர்கள் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

இனி முக்கியமான விஷயம், வெக்கை. கடற்கரை என்றால் காற்று வரும் என்கிற நினைப்பு சாயங்காலத்துக்குச் சரி. விடிகாலையில் நிலைமை தலைகீழ். இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் ஆறிவிடும், அதனால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ஐந்தரை மணிக்கு மெரினாவில் உங்கள்மேல் படுவது பெரும்பாலும் ஊருக்குள்ளிருந்து வருகிற காற்று, அதுவும் இலை அசையாத அளவுக்கு மெதுவாக. கடற்காற்று எழும்ப மதியமாகிவிடும், மே ஜூனில் மேற்கிலிருந்து வருகிற காற்று பலமாக இருக்கிற நாட்களில் இரண்டு மூன்று மணி வரை இழுக்கும், சில நாள் வரவே வராது. அதோடு, ஒரு நாளில் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதே விடியும் நேரத்தில்தான். கத்திரி வெயில் சமயத்தில் விடிகாலை வெப்பம் 27, 28 டிகிரி என்று பார்த்தால் பரவாயில்லை போலத் தோன்றும், ஆனால் உடம்பைக் குளிர்விப்பது வேர்வை இல்லை, வேர்வை ஆவியாவது. காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிப்போயிருந்தால் வேர்வை ஆவியாகாமல் வழிந்து ஷூவுக்குள் போகும், உடம்பு சூடேறிக்கொண்டே இருக்கும், இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்பி, காலுக்கும் அனுப்பி, அதே வேகத்துக்கு இன்னும் வேகமாகத் துடிக்கும். ஜனவரியில் சுலபமாக ஓடிய வேகத்தை மே மாதம் பிடிக்க முயன்றால் அந்தக் கடனை மதியம் அடைக்க வேண்டிவரும். கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆவது மே மாதத்தில் சாதாரணம், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

கோடையில் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் இரண்டு வாரம் நடையும் ஓட்டமுமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெக்கைக்கு உடம்பு பழக பத்துப் பதினான்கு நாள் பிடிக்கும். பழகியபிறகு வேர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும், இதயத் துடிப்பு இறங்கும். மார்கழி, தை வந்தால் வேறு ஊரில் ஓடுகிற மாதிரி இருக்கும், வாடைக்காற்று வடக்கே போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். சென்னை மாரத்தான் ஜனவரியில், அதுவும் விடிவதற்கு வெகு முன்பே, நேப்பியர் பாலத்திலிருந்து கிளம்புவது இந்த ஊரின் வெயிலையும் ஈரத்தையும் தெரிந்து வைத்ததுதான்.

நேரம் என்று பார்த்தால், சென்னையில் ஜூன் தொடக்கத்தில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரி கடைசியில் ஆறரை தாண்டும். கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். வருடம் முழுக்க ஒரே அலாரம் வைக்காமல், வெளிச்சம் வருவதை ஒட்டி நகர்த்திக்கொள்ளுங்கள். இருட்டில் தனியாக ஓடுவது எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. பெண்கள் பலர் நடைப்பயிற்சிக் கூட்டம் சேர்கிற நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள், அதில் பயந்தாங்கொள்ளித்தனம் எதுவும் இல்லை, ஊர் அப்படி இருக்கிறது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வருவது பாதுகாப்புக்கும் நல்லது, படுக்கையை விட்டு எழவும் உதவும், கீழே ஒருவர் நமக்காக நிற்கிறார் என்றால் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் படுக்க மனம் வராது. நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல் மெதுவாக விலகுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சின்னக் கீறலாக இருந்தாலும் 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். அன்று ஆபீசுக்கு லேட்டானால் ஆகட்டும்.

வேகம். கூட ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் அது வேலைநாள் வேகம் இல்லை. தனியாக ஓடினால் போனில் வீட்டோடு பேசுகிறேன் என்று நினைத்து வாய்விட்டு ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள், மூச்சு தட்டாமல் வருகிறதா என்று தெரிந்துவிடும். நடைபாதையில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் உங்களைத் தாண்டிப் போகலாம், போகட்டும், துரத்த வேண்டாம். வேகமாக ஓட வேண்டும் என்று இருந்தால் அதற்கு வாரத்தில் ஒரு நாள் போதும், சனிக்கிழமை. மற்ற நாட்களில் முடித்துவிட்டு வரும்போது இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடலாம் போலிருக்கிறதே என்று தோன்ற வேண்டும். அந்த இரண்டு கிலோமீட்டர்தான் மூன்று மணிக்கு உங்களுக்குத் தேவைப்படும்.

இப்போது குளித்தபிறகும் வேர்க்கிற சமாச்சாரத்துக்கு வருவோம், இதற்குத் தீர்வு ரொம்ப எளிது. ஓட்டம் நின்றாலும் உள்ளே ஏறிய சூடு உடனே இறங்காது, பதினைந்து இருபது நிமிடமாவது உடம்பு வேர்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போனால் வேர்வையும் குளியலும் ஒன்றாக நடக்கும், துடைக்கத் துடைக்க வேர்க்கும், போட்ட சட்டை நனையும். ஆகவே கடைசி ஏழெட்டு நிமிடத்தை நடையாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தால் மின்விசிறிக்குக் கீழே, தரையில், முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருங்கள், உப்புப் போட்ட மோர் ஒரு பெரிய டம்ளர் நிதானமாகக் குடியுங்கள், கெண்டைக்காலையும் தொடையையும் நீவி விடுங்கள், நாளைக்குப் போட வேண்டிய துணியை எடுத்து வையுங்கள். நெற்றியில் வேர்வை நின்றபிறகு குளிக்கப் போங்கள். வெந்நீர் வேண்டாம். ஓடி முடித்ததிலிருந்து குளிக்கப் போவது வரை அரை மணி நேரம், இதைக் கணக்கில் சேர்க்காததால்தான் பலருக்குக் காலை இடிக்கிறது. ஐந்து கிலோமீட்டர் ஓட முப்பத்தைந்து நாற்பது நிமிடம் என்று போட்டுவிடுகிறோம். வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து தலை துவட்டி முடிப்பது வரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்பதுதான் நிஜக் கணக்கு. அவ்வளவு நேரம் கிடைக்காத நாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள், அந்த அரை மணி நேரத்தைக் குறைக்காதீர்கள்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒரு நாள் ஓடும் முன்னும் பின்னும், வேர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்தபட்சத் துணியோடு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒரே மூச்சில் இல்லாமல் பதினொரு மணி வரை பரவலாகக் குடித்து முடியுங்கள். குளிரூட்டிய அறையில் தாகமே தெரியாது, பன்னிரண்டு மணிக்குத் தலை பாரமாக இருந்து, அதை வேலைப்பளு என்று நினைத்துக்கொண்டிருப்போம். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் நல்லதில்லை, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். மோர், கஞ்சி, ரசம், எலுமிச்சை ஜூஸில் உப்பு, நம் ஊரிலேயே இதெல்லாம் இருக்கிறது. கடற்கரையில் விற்கிற அருகம்புல் சாறும் முடக்கத்தான் சூப்பும் குடிக்கப் பிடித்தால் குடியுங்கள், சுத்தமாகச் செய்கிற ஆளிடம். சாப்பாட்டுக்குப் பதில் என்று நினைக்க வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் உப்பு விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் போதும், ஐந்து கிலோமீட்டருக்கு அதுகூட இல்லாமல் ஓடலாம். வந்தபிறகு டிபனைத் தள்ளிப்போடக் கூடாது. எடை குறைய வேண்டும் என்று ஓட ஆரம்பித்தவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், காலையில் ஒரு காபியோடு ஓடிப்போய், பதினொரு மணிக்கு பஃப்ஸ், ஒன்றரை மணிக்குப் பசி தாங்காமல் ஒரு மலை சாதம். அப்புறம் மூன்று மணிக்குக் கண் சொருகாமல் என்ன செய்யும்? நான்கு இட்லி, நிறைய சாம்பார், கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. பொங்கல் வடையை ஓடிய நாளில் தவிர்த்துப் பாருங்கள், எனக்குப் பொங்கல் உயிர், ஆனால் நெய்யும் அரிசியும் சேர்ந்து பத்தரை மணி மீட்டிங்கில் ஆளைச் சாய்த்துவிடும். மதியத்துக்கு சாதத்தைப் பாதியாக்கி, கூட்டு, பொரியல், பருப்பை இரண்டு பங்காக்குங்கள், கடைசியில் தயிர்சாதத்தை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

திருமயிலையிலிருந்து தரமணிக்குப் பறக்கும் ரயிலில் கால் மணி நேரம் சொச்சம்தான், சீட் கிடைத்தாலும் நின்றுகொண்டே போங்கள், அதன்பிறகு நாள் முழுக்க உட்காரத்தானே போகிறீர்கள். ஓடியபிறகு எட்டு மணி நேரம் அசையாமல் உட்காருவதுதான் உடம்புக்கு ஓட்டத்தைவிடக் கஷ்டம். இடுப்பின் முன்பக்கத் தசை மடங்கியபடியே இறுகிவிடும், மறுநாள் காலையில் முதல் கிலோமீட்டர் மரக்கால் போட்ட மாதிரி இருப்பது அதனால்தான். மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் பிடித்து வாருங்கள், போன் பேசும்போது நடங்கள், மதியச் சாப்பாட்டுக்கு லிஃப்ட் வேண்டாம். சாப்பிட்டதும் பத்து நிமிடம் வராந்தாவில் நடந்தால் தூக்கம் பாதி போய்விடும்.

மூன்று மணித் தூக்கத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஓடாதவர்களுக்கும் அது வரும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று, நான்குக்குள் உடம்பின் கடிகாரமே ஒரு தடவை தாழ்ந்து எழும், சாப்பிடாமல் இருந்தாலும் அந்த மந்தம் உண்டு. ராத்திரித் தூக்கம் போதாமல் இருந்தால் அது பள்ளமாகிவிடும், அவ்வளவுதான். நாற்காலியிலேயே கண்ணை மூடி பதினைந்து நிமிடம் சாய முடிந்தால் சாயுங்கள், அரை மணியைத் தாண்டினால் எழும்போது இன்னும் மந்தமாக இருக்கும். காபியால் சமாளிப்பதானால் இரண்டு மணியோடு முடித்துக்கொள்ளுங்கள், குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது, ஐந்து மணிக் காபியில் பாதி ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே இருக்கும்.

ஆக எல்லாம் ராத்திரியில் வந்து நிற்கிறது. ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்றால் பத்து மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும், படுத்திருப்பது வேறு தூங்குவது வேறு. தரமணியில் வேலை என்றால் அமெரிக்காக்காரர்களோடு ராத்திரி பத்தரை வரை போன் கால் இருக்கிற நாட்கள் இருக்கும், அது எனக்குத் தெரியும். அந்த மறுநாள் ஓடாதீர்கள். நான் இதைத் தயங்காமல் சொல்வேன், ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு ஓடுவதைவிட ஏழு மணி நேரம் தூங்கிவிட்டு ஓடாமல் இருப்பது நல்லது, ஓட்டத்துக்கே நல்லது, ஏனென்றால் ஓட்டத்தால் வருகிற பலம் தூக்கத்தில்தான் உடம்பில் சேருகிறது. போன் கால் எந்தெந்தக் கிழமை என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த நாட்களை விட்டுவிட்டு வாரத்துக்கு மூன்று வேலைநாளும் ஒரு சனிக்கிழமையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளும் ஓட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டால்தான் மூன்றாவது வாரத்தில் எல்லாமே நின்றுபோகிறது.

போகி அன்றும் தீபாவளி மறுநாளும் காற்றில் புகை மண்டியிருக்கும், கடற்கரை என்பதால் குறைந்துவிடாது, காலை நேரத்தில் காற்று மேலே எழாமல் அப்படியே படிந்து நிற்கும், வீட்டிலேயே இருங்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் இருந்தால் திறந்த வெளி மணலில் நிற்கவே கூடாது. வெறும் தூறல் என்றால் ஓடலாம், எனக்கு அதுதான் வருடத்தின் சிறந்த ஓட்டம். நனைந்த ஷூவின் உள்ளட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்தால் மறுநாளுக்குள் ஓரளவு காய்ந்துவிடும், வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். ஈரத்தில் தொடை இடுக்கு உரசிப் புண்ணானால் அன்று முழுக்க நாற்காலியில் உட்காருவது நரகம், கிளம்பும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையைக் குடித்துக்கொண்டு கனத்துப்போகும்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற காலம். பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை தன்னார்வலர்கள் ராத்திரி முழுக்கக் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பிடத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின, காலையில் ஓடப்போனவர்கள் பலர் அதைத் தாண்டித்தான் ஓட வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் மணல் பக்கம் போனால் பளிச்சென்ற டார்ச்சை அடிக்காதீர்கள், உயிரோடு ஆமையோ குஞ்சுகளோ தென்பட்டால் தள்ளி நின்று வனத்துறைக்கோ அங்கே நடக்கிற தன்னார்வலர்களுக்கோ சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்து, தூக்கமும் சரியாக இருந்து, இரண்டு மாதம் ஆகியும் சோர்வு விடவில்லை என்றால் குறையை ஓட்டத்தில் தேடாதீர்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்த்தால் போதும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகையோடு ஓடிக்கொண்டு, சோம்பேறித்தனம் என்று தன்னையே திட்டிக்கொள்கிற பெண்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் இதய நோய் வரலாறு இருப்பவர்கள் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வேர்வை திடீரென்று நின்று குளிர் அடிப்பது என்று வந்தால் அங்கேயே நின்று பக்கத்தில் நடப்பவரிடம் சொல்லுங்கள், சமாளித்து வீடு போய்ச் சேரலாம் என்று நடக்க வேண்டாம்.

திரும்ப ஆரம்பிக்கும்போது திங்கட்கிழமை வேண்டாம், சனிக்கிழமை ஆரம்பியுங்கள். ஆபீஸ் இல்லாத அன்றைக்கு, வேலைநாள் போலவே அதே நேரத்துக்கு எழுந்து, கலங்கரை விளக்கத்திலிருந்து விவேகானந்தர் இல்லம் வரை மட்டும் போய்த் திரும்பி, வேர்வை அடங்க எத்தனை நிமிடம் ஆகிறது, குளித்து டிபன் முடிய எத்தனை மணி ஆகிறது, மூன்று மணிக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். ஞாயிறு ஓய்வு. செவ்வாய்க்கிழமை அதே தூரம், அதே வேகம், அன்று ஆபீஸ். இரண்டு நாளுக்கும் மூன்று மணி ஒரே மாதிரி இருந்தால் வியாழனும் ஓடுங்கள், அடுத்த வாரம் மாநிலக் கல்லூரி வரை நீட்டுங்கள். செவ்வாய்க்கிழமை கண் சொருகினால் தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள், திங்கள் ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்பதையும் பாருங்கள்.